விஜய என்று எழுதிய செப்புக்காசு

பூந்தமல்லியில் நான் வாத்தியாராக இருந்தது வெள்ளைக்காரன் காலம். சரித்திரமே என் சட்டைப்பையில் இருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு. ஒரு கோடையில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் சுண்டுவிரல் நகமளவு செப்புக்காசு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் உட்கார்ந்த அம்மன், மறுபக்கம் தெலுங்கு எழுத்து. மளிகைக் கடைக்காரர் படித்துச் சொன்னார்: "விஜயன்னு கீது சாமி."

விஜய! அப்படியானால் விஜயநகரம்தானே? குதிரைப்படை ஏரிக்கரையில் கூடாரம் அடித்திருக்கிறது என்று முடிவுகட்டினேன். பட்டணத்தில் ஒரு பேராசிரியருக்கு எட்டுப் பக்கக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன். காசைப் புளி போட்டுத் தேய்த்தேன்.

"அந்தப் புளியில ஒரு ரசமாவது வச்சிருக்கலாம்" என்றாள் மனைவி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டிப் பேசினேன். குதிரைகள் தண்ணீர் குடிக்கும் கட்டத்தில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரின் மனைவி எழுந்தார். ஊருக்குப் புதிதாக வந்தவர்.

"சார், அது அம்மன் காசு. எங்க புதுக்கோட்டை சமஸ்தானத்துக் காசு. எல்லாத்துலயும் விஜயன்னுதான் போட்டிருக்கும்."

நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். "அம்மா, இது நானூறு வருஷத்துக் காசு."

"போன நவராத்திரிக்கு அரண்மனையில அரிசியோட எனக்கே கொடுத்தாங்க சார்."

"ராஜாக்கள் காசையெல்லாம் சர்க்கார் நிறுத்திவிட்டதே!"

"நிறுத்தச் சொல்லி எங்களையும் நெருக்கினாங்களாம். இந்தச் சின்னக் காசை மட்டும் எங்க ராஜா விடலை. ஆனா அடிச்சு வர்றது சீமையிலேர்ந்துன்னு அப்பா சொல்லுவார்."

கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. என் குதிரைப்படை ஏரியில் மூழ்கியது.

அவர் தயங்கித் தொடர்ந்தார். "ஏரி பாக்கப் போனப்போ முந்தானை முடிச்சு அவுந்து ஒரு காசு விழுந்துடுச்சு. தேடாத இடமில்ல."

மேடையிலிருந்து இறங்கிக் காசை அவர் கையில் வைத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இவ்வளவு பளபளப்பா நான் பாத்ததே இல்ல சார்." என் ஆராய்ச்சிக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

திங்கள் காலையில் தபாலாபீசுக்கு ஓடினேன், கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று. தபால்காரர் கையை விரித்தார். "பை அப்பவே பூடுச்சே வாத்தியாரே!"

இரண்டு வாரம் கழித்துப் பேராசிரியரிடமிருந்து ஒரு கார்டு வந்தது: "தாங்கள் கண்டெடுத்த காசு இன்றும் செல்லும். புதுக்கோட்டைக்குப் போனால் செலவழிக்கலாம்."

அதை எனக்கு முன்பே தபால்காரர் படித்திருந்தார். வானகரம் வரைக்கும் சொல்லியும் விட்டார்.