அணைய மறுத்த நான்காவது பல்பு

தாராவியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த இனாயத்துல்லாவுக்கு வேண்டிய காயில்களை வீட்டிலிருந்தே சுற்றிக் கொடுத்தவர் அவர் மனைவி சுலைகா, கடையநல்லூர்க்காரர். இது எதற்கு, உள்ளே போய் என்ன செய்யும் என்று கேட்டுக்கேட்டே பாதி ரேடியோவைத் தெரிந்துகொண்டவர்.

1967-ல் வடாலா சோப்புக் கம்பெனி ஒன்றிலிருந்து வேலை வந்தது. பெல்ட்டில் வரும் சோப்பு ஒவ்வொன்றும் ஒரு ஸ்விட்சைத் தட்டும். டஜன் சேர்ந்ததும் மணி அடிக்க வேண்டும். இனாயத்துல்லா டிரான்சிஸ்டர்கள் வாங்கிவந்து நான்கு ஃபிளிப்-ஃபிளாப் கட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி பல்பு. ஒரு தட்டு தட்டினால் எரியும், மறுதட்டில் அணையும். அணையும்போது அடுத்ததைத் தட்டிவிடும். பல்புகளின் மதிப்பு ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. எரிகிறவற்றைக் கூட்டினால் எண்ணிக்கை.

ஆனால் அது பதினைந்து வரை போய்த்தான் பூஜ்யத்துக்குத் திரும்பியது.

சுலைகா ஸ்விட்சை மெல்ல அமுக்கியபடி பல்புகளையே பார்த்தார். "இங்க பாருங்க. நாலும் எட்டும் பன்னெண்டுலதான் சேந்து எரியுது. அதுக்கு முன்ன சேரவே மாட்டேங்கு."

"அப்போ ரெண்டுக்கும் நடுவுல ஒரு கேட் போட்டாப் போதும். ரெண்டும் எரிஞ்சாத்தான் திறக்கும். மணிய அடிச்சு, எல்லாத்தையும் அணைச்சிரும்" என்றார் இனாயத்துல்லா.

இரண்டு டயோடில் கேட் தயாரானது. மணியும் அடித்தது. ஆனால் கம்பெனிக்குப் போன பெட்டி சீக்கிரமே திரும்பி வந்தது. சில சமயம் எட்டு மதிப்புள்ள நான்காவது பல்பு அணையாமல் நின்றுவிட, அடுத்த நாலு சோப்பிலேயே மணி அடித்ததாம். இனாயத்துல்லா டிரான்சிஸ்டரை மாற்றிப் பார்த்தார். பயனில்லை.

"அணைன்னு உத்தரவு எங்க இருந்து வருது?" என்று கேட்டார் சுலைகா.

"கேட்ல இருந்துதான்."

"எட்டு முந்தி அணைஞ்சிட்டா கேட் மூடிருமே? பொறவு அணையுற நாலு, எட்டத் தட்டி மறுபடி எரிய வச்சிராதா?"

இனாயத்துல்லா கையிலிருந்த சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். உத்தரவைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துவைக்க ஒரு கண்டென்சர் சேர்த்தார். பிறகு அந்தப் பெட்டி கடைக்குத் திரும்பவே இல்லை.

மீந்த பாகங்களைச் சுலைகா எடுத்துக்கொண்டார். தலைகீழாக எண்ணும் கவுண்டர் கட்டப்போவதாகச் சொன்னார்.

"அது யாருக்கு வேணும்?"

"யாருக்கும் வேண்டாம். எனக்குத் தெரியணும்."

அதேபோல் நான்கு ஃபிளிப்-ஃபிளாப் கட்டி, அணையும்போது தட்டுவதற்குப் பதில் எரியும்போது அடுத்ததைத் தட்டும்படி கம்பிகளை மாற்றினார். எண்ணிக்கை அழகாக இறங்கியது. பூஜ்யத்தில் இன்னொரு முறை அமுக்கினார். நான்கு பல்பும் ஒருசேர எரிந்தன.

"ஒண்ணுமில்லாததுல ஒண்ண எடுத்தா பதினஞ்சா?" என்று கேட்டார் சுலைகா. இனாயத்துல்லாவும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.