ஐந்தாவது ஃபவுல்

எங்கள் அத்தை இந்திய அணிக்காகக் கூடைப்பந்து ஆடியது ஒரே ஓர் ஆட்டம். அதில் அவள் ஒரு கூடைகூடப் போடவில்லை. நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. தாத்தா இல்லாத வீட்டில் அப்பா வைத்ததுதான் சட்டம். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் அவருக்குக் கான்ட்ராக்ட் வேலை. பெர்மனன்ட் ஆக்குவது சூப்பர்வைசர் கையில் இருந்தது. அந்த சூப்பர்வைசர் ஊத்துக்கோட்டையில் இருக்கும் தன் மச்சானுக்கு அத்தையைப் பெண் கேட்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆசிய நாடுகளின் பெண்கள் கூடைப்பந்துப் போட்டிக்கு அத்தை தேர்வானாள். அவள் கிளம்பும்போது அப்பா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார், களத்தில் இறங்கிப் பேர் வாங்கினால் தொடர்ந்து ஆடட்டும், இல்லாவிட்டால் கல்யாணம் என்று. பெரிய மனசு என்று தெரு அவரைப் புகழ்ந்தது. பெஞ்சிலேயே உட்கார வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார் என்பது இப்போது என் நினைப்பு.

கடைசி ஆட்டத்தன்று முதல் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் எல்லாம் எங்கள் டிவி முன்னால் குவிந்தார்கள். அத்தை வெகுநேரம் தோளில் துண்டோடு பெஞ்சில் இருந்தாள். நம் அணி கொஞ்சம் பின்தங்கியிருந்தது. நாலாவது கால்பகுதியில் அவளை இறக்கியதும் நாங்கள் போட்ட கூச்சலில் தெரு நாய்கள் குரைத்தன. அத்தை நேராக ஓடிப்போய், பந்து வைத்திருந்த எதிரணி நெட்டைப் பெண்ணைப் பிடித்து நிறுத்தினாள். விசில் ஊதினார்கள். மறுபடியும் ஓடினாள், மறுபடியும் அதே பெண்ணைப் பிடித்தாள். வீட்டில் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. ஐந்தாவது ஃபவுலில் அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

"இன்னாடி இது, ஆட்றதுக்கு அனுப்ச்சா சண்ட போட்டுக்கினு கீது" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

இந்தியா ஜெயித்தது. எங்கள் வீட்டில் ஒருவரும் கைதட்டவில்லை. அப்பா எழுந்து டிவியை அணைத்தார்.

ஊர் திரும்பிய அத்தை, தோள்பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்றபடியே சொன்னாள்: "அந்தப் பொண்ணுக்கு ஃப்ரீ த்ரோ வராதுண்ணா. அவளப் புடிச்சா ஃபவுலுன்னு அவளத் தனியா நின்னு கூடைல போடச் சொல்லுவாங்க, அவ தவற வுட்ருவா, பந்து நமக்கு வரும்னு கோச் சொன்னாரு. அதுக்குத்தான் என்ன எறக்குனாங்க. அப்டிதான் ஜெயிச்சோம்."

"எனக்கு அதெல்லாம் புரியாது" என்றார் அப்பா. "ஊரே பாத்துச்சி. நீ வாங்கினு வந்த பேரு போதும்."

அடுத்த முகாமுக்கு அவளுக்கு அழைப்பு வந்தபோது, வீட்டில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. அத்தை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அப்பாவுக்குப் புரியாததுதானே சிக்கல், புரிய வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்து பி.டி. சாரை விடாமல் நச்சரித்து எல்லா விதியையும் கேட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலம் அப்பா முன்னால் சின்ன வெங்காயங்களைப் பரப்பி, இது அத்தை, இது அந்த நெட்டைப் பெண் என்று ஆட்டம் முழுவதையும் நடத்திக் காட்டினேன்.

அப்பா பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் அத்தை வெங்காயத்தை அவரே எடுத்து ஓரமாக வைத்தார்.

"அஞ்சாவதுல வெளிய அனுப்ச்சிருவாங்கன்னு தெரிஞ்சேதான் அவ புடிச்சா. தெரியும் பாப்பா. அன்னிக்கி டிவில பாக்கசொல்லவே தெரியும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த அத்தையிடம் ஓடினேன். அப்பாவுக்கு எல்லாம் தெரியுமாம், நீ பண்ணியது சரிதானாம், இனிமேல் கல்யாணம் கிடையாது, நீ ஆடப் போகலாம் என்று மூச்சிரைக்கச் சொன்னேன்.

"அன்னிக்கே தெரியும்னா சொன்னாரு?" என்று கேட்டாள் அத்தை.

ஆமாம் என்று தலையாட்டினேன். இவ்வளவு நல்ல சேதி கொண்டுவந்தும், அதுவரை அழாதவள் ஈரத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏன் அப்படி அழுதாள் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.