தோள் ஜாயின் பண்ணுகிறவள்

திருப்பூருக்கு வந்து பதினைந்து வருடமாகியும் ஒரு விஷயம் எனக்குப் பழகவே இல்லை. ஊரிலிருந்து இதைப் படிக்கும் உங்களுக்கும் சிரிப்பு வரலாம். சங்கரன்கோவில் பக்கம் நாம் வேலைக்குச் சேர்வோம். இங்கே எல்லோரும் 'ஜாயின்' பண்ணுகிறார்கள். பனியனின் தோளை மூட்டினாலும் அதே ஜாயின்தான். நெருப்பெரிச்சல் பகுதியில் ஒரு பனியன் கம்பெனியில், துணி விளிம்பை மூட்டும் ஓவர்லாக் மிஷினில் நான் செய்வது அந்த வேலை. முன்துண்டையும் பின்துண்டையும் நான் மூட்டிக் கொடுத்தால்தான் அடுத்தவள் கழுத்தைத் தைக்க முடியும். வரிசையில் முதல் ஆள் நான்.

பள்ளிக்கூடம் போகும் மகள் அந்தச் சொல்லைப் போனில் தேடிப் பார்த்தாள். "எம்மா, இது லத்தீன்ல இருந்து வந்ததாம். பூட்டுறதுன்னு அர்த்தமாம். நுகத்தடிக்கு இங்கிலீஷ்ல 'யோக்'னு சொல்லுவாங்கல்ல, அதுவும் இதுக்குச் சொந்தந்தான்" என்றாள். சேர்வது என்றால் கைகோப்பது என்றே நினைத்திருந்தேன். கழுத்தைக் கொடுப்பதும் அதில் இருக்கிறதாம். அப்பாவின் வண்டிமாடு ஞாபகத்துக்கு வந்தது. ஒருநாள் உச்சிவெயிலில் செவலை நடுரோட்டில் படுத்துவிட்டது. அப்பா அடித்தார், வாலை முறுக்கினார். அது எழவில்லை. ஜோடி மாடு மட்டும் நின்று என்ன செய்யும்? ஊரே செவலையைத் திட்டியது. எனக்கு அதன்மேல் கோபமே வரவில்லை.

எங்கள் கம்பெனியில் பாத்ரூம் போக டோக்கன் வேண்டும். வரிசைக்கு ஒன்றுதான், ஆணியில் தொங்கும்; எடுத்துப் போனவர் திரும்பினால்தான் அடுத்தவர் எழலாம். கழுத்து தைக்கும் ஒடிசாப் பெண் சுனிதா ஏழு மாதக் கர்ப்பிணி. போன வாரம் பொறுக்க முடியாமல் டோக்கன் இல்லாமலே போய்விட்டாள். சூப்பர்வைசர் அவளை வாசலிலேயே நிறுத்தி, இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார். நான் மிஷினிலிருந்து கையை எடுத்தேன். சூப்பர்வைசர் என்னிடம் வந்தார்.

"ஏனுங்கக்கா, மிஷின் ரிப்பேருங்களா?"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. அவ உள்ள வந்தா ஓட்டுதேன்."

"அவ உங்க ஊருங்களா, சொந்தமுங்களா? உங்களுக்கெதுக்குங்க?"

"நீங்களுந்தான் எனக்குச் சொந்தமில்ல. பதினஞ்சு வருசமா உங்க கம்பெனிக்குத் தைக்கலையா?"

"அப்ப நீங்களும் ஊருக்குக் கெளம்பிக்குங்க."

இந்த ஊரில் விரட்டுவதுகூட மரியாதையாகத்தான் நடக்கும். நான் கிளம்பவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் துண்டுகள் குவிந்தன. அடுத்தடுத்த மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வேலை போனால் மகளின் படிப்பு என்னாகும் என்று மனம் கணக்குப் போட்டது. ஆனால் வரிசையில் ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை. அரைமணி நேரம் கழித்துச் சுனிதாவை உள்ளே கூப்பிட்டார்கள். டோக்கன் இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது. அதையும் ஒருநாள் கழற்ற வைப்போம்.

விஷயம் தெரிந்து ஊரிலிருந்து அக்கா போன் செய்தாள். "ஏட்டி, பொழைக்கப் போன எடத்துல ஒனக்கு எதுக்கு வம்பு? முடியலன்னா இங்க வந்துரு."

என் ஓட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அக்காவுக்கு அதுவே என் ஊர். "விட்டுட்டு வரப்போற எடத்துல எவளாவது சண்டை போடுவாளாக்கா?" என்று கேட்டேன். "அந்தப் புள்ளைக்கு இப்ப எத்தன மாசம்?" என்றாள் அக்கா.