காலியாக விட்ட கட்டம்

1987க்குப் பிறகு நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் செங்கோடனைக் 'கம்ப்யூட்டர்காரர்' என்றுதான் சொன்னார்கள். அதற்கு முன் ஒன்பது வருஷம் கந்தப்பனின் தீவன ஆலையில் மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் மண்வெட்டியால் கலந்தவர். புண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்தால் மூட்டையைப் பிரிக்காமலே சொல்லிவிடுவார். ஆலைக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, கோயம்புத்தூரில் அதற்கான இரண்டு வாரப் பயிற்சி முடித்து வந்ததும் வெள்ளைச் சட்டை போட ஆரம்பித்தார். அந்தப் பெருமையை நான் குறை சொல்ல மாட்டேன். தீவனத் தூசியில் தும்மியே ஒன்பது வருஷம் போயிருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் ஒரு பண்ணையையே திரைக்குள் நடத்திப் பார்க்கும். இந்தத் தீவனம் போட்டால் அடுத்த மாதம் எத்தனை முட்டை என்று சொல்லும். கோடை, மழை, பனி என்று தயார் கணக்குகள் உள்ளேயே இருந்தன. வேண்டுமானால் கொட்டகைச் சூடு, கோழி தின்னும் அளவு எல்லாவற்றையும் நாமே கொடுக்கலாம். அதற்கான கட்டத்தைக் காலியாக விட்டால் தயார் கணக்கையே எடுத்துக்கொள்ளும்.

கந்தப்பன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "நீயா ஒரு நம்பரப் போட்டுத் தப்பாப் போச்சுன்னா உன்ற தலையில உழும். ரெடியா இருக்கறதப் போட்டுட்டா, அதச் செஞ்சவன் தலையில."

மறு வருஷம் சித்திரையில் பாவாயி வந்தார். புருஷன் போனபின் ஐந்நூறு கோழிகள்தான் அவருக்குப் பிழைப்பு.

"கோழி தீனியே எடுக்க மாட்டேங்குதுங்க தம்பி. வெச்சதுல கால்வாசி அப்படியே கெடக்குது. கொட்டாய்க்குள்ள நிக்க முடியல, அத்தன வெக்கை."

குறைவாகத் தின்கிற கோழிக்குத் தீவனத்தில் சத்தும் சுண்ணாம்பும் கூட்ட வேண்டும் என்பது செங்கோடனுக்குத் தெரியாததல்ல. திரையில் கேள்வி வந்து நின்றது: ஒரு கோழி எவ்வளவு தின்கிறது? விரல் எண்களின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. முதலாளியின் பேச்சு நினைவுக்கு வந்தது. கட்டத்தைக் காலியாக விட்டு, எல்லாப் பண்ணைக்கும் பொதுவான கோடைக் கணக்கைத் தட்டினார். நூறு கோழிக்கு எண்பது முட்டை என்று காகிதம் வந்தது. அந்தக் கணக்குப்படி கலந்த தீவனத்தைப் பாவாயி வண்டியில் ஏற்றிப் போனார்.

மூன்றாவது வாரம் சுண்ணாம்பு போதாமல், ஓடில்லாத தோல்முட்டை விழ ஆரம்பித்தது. பிறகு கோழிகள் கால் மடங்கிக் கூண்டிலேயே சரிந்தன. ஆனி பிறப்பதற்குள் நூற்றுச்சொச்சம் செத்துப்போயின. மிச்சத்தைக் கறிக்கு ஏற்றிவிட்டார் பாவாயி.

காலிச் சாக்குகளைத் திருப்பிக் கொடுக்க அவர் வந்தபோது, திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றார் செங்கோடன். திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"பொட்டி சொன்னதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி?" என்றார் பாவாயி. "என்ற கோழி எவ்வளவு திங்குதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

கந்தப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

"அது கேட்டுச்சுங்கக்கா," என்றார் செங்கோடன். "நாந்தான் சொல்லல."

பாவாயி சாக்கைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்.

"நான் உங்ககிட்டச் சொன்னனே தம்பி," என்றார்.