கூடாரத்தில் ஒழுகிய இடம்

வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்கள் தங்கம் கொண்டுவருவார்கள். என் கணவர் கூடாரம் கொண்டுவந்தார். பாபநாசத்தில் எந்தப் பாலைவனத்தைக் கண்டீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். வருஷா வருஷம் ஆவணியில் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிற கூட்டத்தோடு அந்தப் பச்சைக் கூடாரமும் போனது. அவருடைய குறட்டைக்குப் பயந்து மற்ற ஆண்கள் அவரை அதில் தனியாகவே படுக்க விட்டார்கள்.

போன வருஷம் திருவாரூர் தாண்டி ஒரு மைதானத்தில் தங்கினார்கள். நல்ல மழை. அன்றிரவு அந்தக் கூடாரத்துக்குள் மாரடைப்பில் இறந்துபோனார். பக்கத்துக் கூடாரத்தில் பெண்களோடு எங்கள் மகள் இருந்தாள். விடிந்ததும் எழுப்பப் போனவள் அவள்தான். கூடாரத்தைச் சுருட்டிக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தவளும் அவள்தான். போனில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“அப்பா தூக்கத்துலயே போயிட்டாரும்மா.”

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஒரு வருஷத்தைத் தள்ளினேன். வலி தெரியாமல் போனாரே, அது போதும் என்று.

இந்த வருஷம் அப்பா விட்ட இடத்திலிருந்து மிச்ச தூரத்தை நடக்கப் போவதாக மகள் சொன்னாள், அதுவும் அதே கூடாரத்தோடு. வேலைக்குப் போகிறவள், நான் சொன்னால் கேட்கிற வயதெல்லாம் தாண்டிவிட்டது. சரி, நனையாமலாவது படுக்கட்டும் என்று கூடாரத்தை மாடியில் விரித்தேன். உள்பூச்சு பிசுபிசுவென்று உரிந்து வந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் தண்ணீரில் அலசினேன். சோப்புப் போட மனம் வரவில்லை. அதில் இன்னும் அவர் வாசனை இருந்தது.

கும்பகோணத்து ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னபடி சிலிக்கான் பசையை டர்பன்டைனில் கரைத்துத் துணி முழுக்கப் பிரஷ்ஷால் பூசினேன். தையல்களில் கெட்டியாக அடைத்தேன். நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு மத்தியானம் கூடாரத்தை நிறுத்தி ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தேன். சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மாதிரி தண்ணீர் உருண்டோடியது. எனக்கு ஒரே பெருமை.

உள்ளே குனிந்து பார்த்தேன். ஒரு பக்கச் சுவரில், படுத்திருப்பவர் கைக்கு எட்டுகிற உயரத்தில், ஓரிடம் மட்டும் கறுத்து நனைந்திருந்தது. அங்கிருந்து தண்ணீர் சொட்டியது. துடைத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு தடவை பூசினேன். மறுநாள் அடித்தபோதும் அதே இடம், அதே வடிவம். இந்த முறை உற்றுப் பார்த்தேன். ஐந்து விரல்கள்.

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, கீழே ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள், யாரோ கோழியை விரட்டினார்கள். எனக்கு மட்டும் முதுகு சில்லிட்டது.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். கையைப் பற்றிச் சொல்லவில்லை, ஒழுகுகிறது என்று மட்டும் சொன்னேன். எண்ணெய் பட்ட இடத்தில் சிலிக்கான் ஒட்டாது, சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுப் பூசுங்கள் என்றார். அப்போதுதான் புரிந்தது. நடைக்குப் போகிறவர்கள் ராத்திரி படுக்கும்முன் தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சிக் காலில் தேய்ப்பார்கள். அவருக்கு அந்த எண்ணெயைக் காய்ச்சிக் கொடுத்ததே நான்தான்.

பேய் இல்லை, எண்ணெய்தான். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் விரல்கள் ஐந்தும் கீழ்நோக்கி இழுபட்டிருந்தன, தரைவரைக்கும். தூங்குகிறவர் கை அப்படிச் சுவரைப் பிராண்டாது. அந்தச் சுவர் எந்தப் பக்கம் என்று யோசித்தேன். வாசலுக்கு இடதுபுறம். பெண்கள் கூடாரம் இடதுபுறம் இருந்ததாக மகளே சொல்லியிருக்கிறாள். கூப்பிட்டிருக்கிறார். மழையில் யாருக்கும் கேட்கவில்லை.

உட்கார்ந்து அழுதேன். பிறகு சோப்பை எடுத்தேன். அவர் கையை நானே கழுவி அழிப்பதா என்று தயங்கினேன். ஆனால் அதை விட்டுவைத்தால் மழையில் மகள் தலைமேல் அல்லவா அந்தக் கை நனைந்து எழும்? அவள் பார்க்கக் கூடாது. நுரை வர வரத் தேய்த்தேன், விரல் விரலாக. பூசிக் காயவைத்துத் தண்ணீர் அடித்தேன். ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அன்று வேலைவிட்டு வந்த மகள் மாடிக்கு வந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. கூடாரத்துக்குள் போய்ப் படுத்து, என்னைத் தண்ணீர் அடிக்கச் சொன்னாள். அடித்தேன். துணி முழுக்க நனைந்ததும் பைப்பைக் கீழே போட்டேன். அப்போது இடப்பக்கத் துணி உள்ளிருந்து மெல்லப் புடைத்தது. விரல்கள் விரிந்த ஒரு கை, நான் கழுவிய அதே இடத்தில்.

“அப்பா கை இங்கதானம்மா இருந்துச்சு?” என்றாள்.

நானும் வெளியிலிருந்து அந்த இடத்தில் கையை வைத்தேன். துணிக்கு அந்தப் பக்கம் அவள் கையை எடுக்கவில்லை.