சனோபர் அக்காவும் பச்சைத் தோலும்

காட்டில் முதல் வால்நட் இலை மஞ்சளாகட்டும், எங்கள் பாலர் பள்ளி சனோபர் அக்காவுக்குக் கால் தரையில் நிற்காது. மூன்று தடிப்பயல்களைப் பெற்று வளர்த்தவள். வாய்விட்டுக் கூப்பிட்டால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அப்பேர்ப்பட்டவள் ஒரு இலையைத் தூக்கிக்கொண்டு, நான் பிள்ளைகளுக்குச் சமைக்கும் பள்ளிச் சமையலறைக்குள் ஓடிவருவாள்.

"மத்லுபா, பாருடி, இந்த நிறத்தைப் பாருடி! கடையில காசு குடுத்தாக் கிடைக்குமா இது?"

அதற்குள் எனக்குப் பால் பொங்கி வழிந்திருக்கும்.

"இலைதானேக்கா. போன வருஷமும் இப்படித்தான் விழுந்துச்சு."

"உங்கிட்ட வந்து காட்டுனேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். நான் அடுப்பைத் துடைத்து முடிப்பதற்குள் இன்னொரு இலையோடு வருவாள்.

இந்த வேலைக்கு வரும் முன் அவள் ஜலாலாபாத் போகும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். மலை வளைவுகளில் குழந்தைகள் வாந்தியெடுக்கும், வீறிட்டு அழும். இவள் டிக்கெட் தாளை மடித்துக் குருவி செய்து மூக்குக்கு நேரே பறக்கவிடுவாள், அழுகை நின்றுவிடும். அதே பஸ்ஸில் வந்த எங்கள் தலைமையம்மா ஒருநாள் அவளைப் பிடித்துக்கொண்டு, "டிரைவர்கூடக் கத்துறதுக்கு எங்க பிள்ளைங்ககூடக் கத்தேன்" என்றாளாம். மறுவாரமே வந்து சேர்ந்தாள். கத்தல் இன்னும் ஓயவில்லை.

எங்கள் ஊரில் இலையுதிர் காலம் என்றால் ஊரே காட்டுக்குள் போய்விடும். கூடாரம், சட்டிபானை, கோழிகூடப் போகும். ஆண்கள் மரத்தில் ஏறி உலுக்க, பெண்கள் கீழே பொறுக்கிப் பச்சைத் தோலை உரித்துக் குவிப்பார்கள். அந்தத் தோலின் சாறு பட்ட கை கறுத்ததென்றால் கறுத்ததுதான். சோப்பும் ஒன்றும் செய்யாது, சாம்பலும் ஒன்றும் செய்யாது. அந்த நாட்களில் வெள்ளைக் கையோடு ஒருவன் தெருவில் போனால், "என்ன மாப்பிள்ளை, உடம்புக்கு முடியலையா?" என்றுதான் விசாரிப்போம். சின்னதுகளை மட்டும் ஊரில் இருக்கும் உறவுக்காரர் பொறுப்பில் விட்டுப் போவார்கள். பகலெல்லாம் அதுகள் சனோபர் அக்காவிடம்தான்.

போன வருஷம் பள்ளியின் பொன் இலை விழாவுக்குக் கொஞ்சம் முன்னால் இந்த மகராசிக்கு ஒரு யோசனை வந்தது. பச்சைத் தோலை நசுக்கி, அதில் இலையை முக்கித் துணியில் அச்சுப் பதிக்கலாமாம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், உற்சாகத்தில் அது என்ன செய்யும் என்பதையே மறந்துபோனாள். துணியில் இலை அழகாகத்தான் விழுந்தது. அதோடு பிள்ளைகளின் வெள்ளைக் காலுறையில், ஜன்னல் திரையில், ஒருத்தன் நெற்றியில், இவள் மூக்கு நுனியில் எல்லாம் விழுந்தது. விழாவுக்கு வந்த தாய்மார்கள் போட்ட கூச்சலில் காகங்கள் எழும்பிப் போயின. கறுத்த மூக்கோடு பனி விழும்வரை திரிந்தாள் சனோபர் அக்கா. அதற்குப் பிறகு வாசல் கதவில் தன் கையாலேயே எழுதி வைத்தாள்: "பச்சைத் தோல் உள்ளே வரக் கூடாது."

வால்நட் ஊரில் வால்நட் தோலுக்குத் தடை! நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். தடை எனக்கும்தான். ஆனால் எழுதி வைத்தால் என் நரை நின்றுவிடுமா? விறகு அடுக்குக்குப் பின்னால் மூடி போட்ட சட்டி ஒன்று எப்போதும் இருக்கும். பச்சைத் தோலைக் காய்ச்சிய சாயம், தலைக்கு. அது யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் விழா நெருங்கும்போது அக்காவின் வகுப்பு சந்தைபோல இருந்தது. ஒரு மூலையில் வால்நட் ஓட்டைப் பாதியாகப் பிளந்து, மெழுகு ஊற்றி, குச்சி நட்டு, இலைப் பாய் கட்டிப் படகு செய்தார்கள். இன்னொரு மூலையில் ஓட்டுக்குச் சிவப்புப் பூசி வண்டு செய்தார்கள். பசை ஒட்டாத தலை ஒன்றுகூட இல்லை. எர்காஷ் என்பவன் பூசணிக்காயில் சூரியகாந்தி விதை குத்திச் செய்த பெரிய முள்ளம்பன்றி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான்.

"எங்க முனிஸா செஞ்சது" என்றான்.

"உன் தங்கச்சி மகளா? அவளால இதைத் தூக்கவே முடியாதேடா!"

"விதை பூரா அவதான் எடுத்துக் குடுத்தாக்கா."

"பாதியைத் தின்னுட்டுக் குடுத்திருப்பா. கொண்டு போ, கொண்டு போ. பிள்ளை செஞ்சது கோணலா இருந்தாலும் எனக்கு அதுதான் வேணும்."

முனிஸாவுக்கு ஐந்து வயது. அப்பாவும் அம்மாவும் மாஸ்கோவில். அம்மா ரானோ கிளம்பியபோது இவளுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. வால்நட் பொறுக்கி முடித்த கையோடு போனாள். இத்தனை நாள் கழித்து இப்போதுதான் பத்து நாள் லீவில் வருகிறாள், விழாவுக்கு நேராக. சேதி கேட்டதும் சனோபர் அக்கா முனிஸாவைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள்.

"உங்கம்மா வர்றா! விழாவுக்கு வர்றா! அவ கதவைத் திறந்ததும் நீ ஓடிப்போய்க் கட்டிக்கணும், என்ன?"

"அவங்கதான் எங்கம்மான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அக்காவின் சுற்றல் நின்றது.

"போன்ல தெனம் பாக்குறியே, கண்ணு?"

"அது போன்ல இருக்கிற அம்மா."

அன்றைக்கு எல்லாரும் இலையால் அம்மா முகம் செய்துகொண்டிருந்தார்கள். சோள நார் முடி, விதைக் கண், ஆப்பிள் தோல் உதடு. முனிஸா முகம் செய்யவில்லை. அட்டையில் இரண்டு பெரிய கைகளை வெட்டி வைத்துக்கொண்டு, கறுப்பு இலை வேண்டும் என்றாள். கறுப்பு இலைக்கு எங்கே போவது? அக்கா அடுப்புக்கரியை எடுத்துக் கொடுத்தாள்.

"கரி வேணாம். கரி போயிடும். எங்கம்மா கை கறுப்பு போகாது. அந்தக் கையாலதான் எனக்குச் சடை பின்னுவாங்க. பச்சைத் தோல் குடுங்க."

"பச்சைத் தோல் உள்ள வரக் கூடாது, செல்லம். கதவுல போட்டிருக்கு பாரு."

"எனக்குத்தான் படிக்கத் தெரியாதே!"

சட்டம் சட்டம்தான் என்று நின்றாள் அக்கா. முனிஸா கரியையே பூசி, உதடு பிதுங்க உட்கார்ந்திருந்தாள். அன்று மாலை அக்கா சமையலறை முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"மத்லுபா, அந்தப் பிள்ளைக்கு முகம் ஞாபகமில்லடி. கைதான் ஞாபகமிருக்கு. ரானோ அங்க கேக் கடையில கிரீம் பூசுறா. நகத்தைக்கூட முதலாளி வந்து பாப்பானாம். வெள்ளைக் கையோட வந்து நிப்பா. இந்தப் பிள்ளை ஓடலைன்னா அவ நெஞ்சு வெடிச்சுப் போயிடும்."

"ஓடும்கா, பெத்தவகிட்ட ஓடாதா?" என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை.

விழாவன்று காட்டிலிருந்து எல்லாரும் இறங்கி வந்தார்கள். கூடம் முழுக்க நல்ல உடையும் கறுத்த கையும். கைதட்டினால் அத்தனையும் கறுப்பு. பிள்ளைகள் தலையில் இலைக் கிரீடம், வெள்ளைக் காலுறை. அக்கா மஞ்சள் கவுனில் பூசணிக்காயாட்டம் உருண்டுகொண்டிருந்தாள். முதல் பாட்டு முடியும்போது கதவு திறந்தது. எர்காஷ் முன்னால் வந்தான், பின்னால் ரானோ. வெளிர்நிறக் கோட்டு, கையில் பெரிய பொம்மைப் பெட்டி. விமானத்தில் வந்த களைப்பெல்லாம் முகத்தில் இருந்தது, சிரிப்பும் இருந்தது.

"முனிஸா!" என்று மண்டியிட்டுக் கையை விரித்தாள்.

முனிஸா முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். பிறகு சனோபர் அக்காவின் மஞ்சள் கவுனுக்குப் பின்னால் போய்விட்டாள்.

விரித்த கையை என்ன செய்வதென்று ரானோவுக்குத் தெரியவில்லை. பொம்மைப் பெட்டியை முன்னால் தள்ளினாள்.

"போ பாப்பா, அம்மாடா!" என்று எர்காஷ் தள்ளிவிடப் பார்த்தான்.

கவுனுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "இது போன் அம்மா. எங்கம்மா கை கறுப்பு."

ரானோ தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சனோபர் அக்கா திடீரென்று பஸ்ஸில் கத்துவதுபோல் கத்தினாள்:

"மத்லுபா! விறகுக்குப் பின்னால வச்சிருக்கியே, தலைக்குப் போடுற சட்டி, அதைக் கொண்டு வா!"

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். ஊரே என் தலையைப் பார்த்தது. "அடடே, அது சொந்தக் கறுப்பு இல்லையா?" என்று எவனோ ஒருவன் கேட்டான். கூடம் கொல்லென்று சிரித்தது. அவனுக்கு நல்லா வேணும், இனி அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் சமைக்கப் போகப்போவதில்லை. ஆனாலும் ஓடினேன். சட்டியைத் தூக்கி வந்து கூடத்தின் நடுவில் வைத்தேன்.

"சட்டம்?" என்றேன் அக்காவைப் பார்த்து.

"சட்டம் கெடக்குது!" என்றாள்.

ரானோ சட்டியருகே உட்கார்ந்தாள். கையை நீட்டிவிட்டு ஒரு கணம் நின்றாள்.

"அக்கா, இது எத்தனை நாள் இருக்கும்?"

"பனி விழுற வரைக்கும் போகாதுடி. யோசிச்சுக்க. உன் முதலாளி..."

ரானோ மஞ்சள் கவுனின் ஓரத்தில் தெரிந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்தாள். கோட்டைக் கழற்றி வீசினாள். இரண்டு கையையும் மணிக்கட்டு வரை முக்கினாள்.

எடுத்தபோது வெறும் பழுப்பாகத்தான் இருந்தது. முனிஸா மெல்ல வெளியே வந்தாள். கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். சரியில்லை என்பதுபோல் தலையாட்டினாள். ஓடிப்போய் அட்டைக் கைகளை எடுத்துவந்து பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள்.

"இன்னும் கறுக்கணும்" என்றாள்.

"சரிங்க" என்றாள் ரானோ, வாத்தியாரிடம் சொல்வதுபோல.

அவ்வளவுதான், முனிஸா சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுக் காரியத்தில் இறங்கினாள். சட்டிக்குள் கிடந்த தோலை எடுத்து அம்மாவின் புறங்கையில் தேய்த்தாள். உள்ளங்கையில் தேய்த்தாள். "விரலை விரிங்க, சந்துல பிடிக்கல" என்று அதட்டினாள். நகச் சாயத்தின் மேலும் தேய்த்தாள். மற்ற பிள்ளைகள் பாட்டாவது ஆட்டமாவது என்று சுற்றி வந்து நின்றுகொண்டன. "கட்டை விரலை விட்டுட்ட!" "இன்னும் ஊத்து!" "எங்கம்மாது இதைவிடக் கறுப்பு!" வெள்ளைக் காலுறைகள் என்ன கதியாயின என்று கேட்காதீர்கள். இந்த முறை ஒரு தாயும் கூச்சல் போடவில்லை. ஒருத்தி மூக்கைச் சிந்தினாள், இன்னொருத்தி தன் மகனையும் சட்டியின் பக்கம் தள்ளிவிட்டாள்.

காயட்டும் என்று எல்லாரும் வாய்க்காலுக்குப் படகு விடப் போனோம். முனிஸா அம்மாவின் பக்கத்திலேயே நடந்தாள், தொடவில்லை. படகுகள் ஓடின, பிள்ளைகள் கரையோரம் கத்திக்கொண்டு ஓடினார்கள், அவர்களைவிட வேகமாக ஓடிய சனோபர் அக்கா வழுக்கி முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். காற்றும் வெயிலும் பட ரானோவின் கை கறுத்துக்கொண்டே வந்தது. முனிஸாவின் படகு கவிழ்ந்தபோது ரானோ தண்ணீரில் கைவிட்டு அதை எடுத்து நீட்டினாள். முனிஸா படகைப் பார்க்கவில்லை. தண்ணீரில் முக்கியும் போகாத அந்தக் கறுப்பைப் பார்த்தாள்.

"போகல!" என்று கத்தினாள். "போகல! அம்மா!"

சாயம் ஊறிய தன் குட்டிக் கைகளால் ரானோவின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். ரானோ அவளை நெஞ்சோடு அணைத்தபடி கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சனோபர் அக்கா தண்ணீரில் நின்றபடியே, மூக்கு கறுப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், சாயம் பட்ட கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் ரானோ சமையலறைக்கு வந்தபோது கன்னத்தில் ஐந்து விரலும் அச்சாக விழுந்திருந்தது. முனிஸாவின் தலையில் புதுச் சடை. "எலுமிச்சை போட்டுத் தேய், கொஞ்சம் மங்கும்" என்றேன்.

"வேணாம்கா."

பத்து நாளும் சட்டென்று போய்விட்டது. மாஸ்கோ போனவள் பள்ளி நேரத்தில் எர்காஷுக்குப் போன் பண்ணினாள். அவன் ஓட்டமாக வந்து முனிஸாவிடம் போனைக் கொடுத்தான். கேக் பக்கம் வரக் கூடாது என்று முதலாளி பாத்திரம் கழுவ அனுப்பிவிட்டானாம், கை வெளுக்கும்வரை சம்பளமும் குறைச்சல்தானாம். ரானோ சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முனிஸா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. போனை மூக்கோடு ஒட்டிவைத்து உற்றுப் பார்த்தவள், துள்ளிக் குதித்து வகுப்பு முழுவதையும் கூப்பிட்டாள்.

"வாங்க, வந்து பாருங்க! எங்கம்மா கன்னத்துல என் கை இருக்கு!"