சிவப்பு கேப்சூல் விற்றவர்

பிரிக்பீல்ட்ஸில் இருந்த அக்காவின் ஃபிளாட்டுக்கு அந்த மனிதர் வந்தபோது, அக்கா புற்றுநோயோடு படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அவருக்கு நாற்பது வயதிருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, அடங்கிய குரல். பேச்சுக்கு நடுவே ஒரு கேப்சூலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அது செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது.

"உப்புல வாழற பாக்டீரியாவோட நிறம்க்கா இது. ஆன்டிஆக்சிடன்ட். உடம்புல இருக்கற விஷத்தையெல்லாம் முறிச்சிடும்."

ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் அதே நிறமியைத்தான் நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"அது டெஸ்ட் டியூப்லதான் வேலை செஞ்சிருக்கு அண்ணே. மனுஷங்களுக்கு நாங்க இன்னும் கொடுத்துப் பார்க்கவே இல்ல," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "சரிலா சிஸ்டர். அப்போ உங்க அக்காவுக்குக் கொடுக்க நீங்க என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

என்னிடம் ஒன்றும் இல்லை. டாக்டர்களும் கைவிட்டிருந்தார்கள். அது அவருக்குத் தெரியும்.

அவர் பையை மூடிக்கொண்டு வாசலுக்குப் போய், நிதானமாகச் சப்பாத்து மாட்டினார்.

"நான் பொழைக்கறது ஒனக்குப் பிடிக்கலையாடி?" என்று அக்கா என்னைக் கேட்டாள். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய் அவர் கையைப் பற்றினாள்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பார்த்தீங்களா சிஸ்டர், சாப்பிடறதுக்கு முன்னாடியே எழுந்து நடக்கறாங்க."

அடுத்த மாதம் அக்கா இறந்தாள். அவரும் வந்து, அவள் தலைமாட்டில் நின்று தேம்பி அழுதார். அதை நடிப்பு என்று சொல்லிவிடத்தான் எனக்கு ஆசை. இன்றுவரை முடியவில்லை.